தொண்ணூற்றைந்து கேட்ட மகனுக்கு

அண்ணா, இதை எழுதுவது நான், உன் தங்கை. சொல்வது அம்மா. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். இடது கண்ணில் புரை இன்னும் இருக்கிறது. பேனா பிடித்தால் வரி தெரியாது, போனைப் பார்த்தால் எழுத்து கலங்குகிறது. அதனால் நான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது எதையும் கூட்டாமல், குறைக்காமல், உனக்கு வலிக்குமே என்று தடவிக்கொடுக்காமல், உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "சத்தியமெல்லாம் வேணாம், எழுத்துப் பிழ இல்லாம எழுது" என்றாள். அம்மா பேச்சில் சொல்வதை நான் எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறேன். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் பேசியபடியே விடுகிறேன். இடையில் நான் சொல்ல வேண்டியது வந்தால் 'இது நான்' என்று தொடங்குவேன். இனி அம்மா.

தம்பி, வருகிற தையில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் இருக்கும். இதில் அது எதுவும் இல்லை. தினம் ஓட்டுகிற ஒரு சாதாரணக் காருக்கு எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்பதைப் பற்றித்தான் உன்னிடம் பேசப் போகிறேன். சிரிக்காதே. அந்த ஒரு விஷயத்தால் கருக்களாச்சேரியில் ஒரு பெண் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கும்வரை உனக்கும் எனக்கும் வேறு பேச்சு கிடையாது. இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போடுகிறேன். திருநள்ளாற்றில் உனக்குப் பெண் கொடுக்கிற வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். கோபப்படாதே. பெட்ரோல் பங்க்கில் நடப்பதை உலகத்துக்கே காட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான்.

தொண்ணூற்றைந்து என்ற அந்த எண் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உன் அப்பா பெட்ரோலை எசான்ஸ் என்றுதான் சொல்வார். பாரீஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடும் திரும்பி வந்தவர். அங்கே பங்க்கில் கிடைக்கும் ஆகக் குறைந்த பெட்ரோலே தொண்ணூற்றைந்து, அதற்கு மேல் தொண்ணூற்றெட்டு. இங்கே வந்து நம் ஊர்ப் பங்க்கில் சாதா பெட்ரோல் தொண்ணூற்றொன்று என்று கேள்விப்பட்டதும், "இது எசான்ஸ் இல்ல, மண்ணெண்ண" என்றார். அவர் வாங்கியது இந்தியாவிலேயே செய்து, இந்தியப் பெட்ரோலுக்கென்றே அமைத்து விற்ற சின்னக் கார். அது பிரான்ஸை எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் காருக்கும் இருக்கும் என்று அவர் நினைத்தார். நம் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். காலையில் காப்பி குடித்துவிட்டு வாசலில் நின்று, யார் வண்டிக்கு எது போடுகிறோம் என்று பேசிக்கொள்வார்கள். சாதா போடுகிறவன் அன்றைக்கு அந்தப் பேச்சில் நிற்க முடியாது.

உன் சித்தப்பாவை நினைத்துப் பார். மண்டபத்தூரில் மகளுக்குக் காதுகுத்து என்று காரைக் கடன் கேட்டு வாங்கிப் போனார். நாணயமான மனிதர், திருப்பிக் கொண்டுவந்து விடும்போது டேங்க் முழுக்க நிரப்பி விட்டார். "என்னடா போட்ட?" என்று கேட்டார் அப்பா. "நார்மல்தான்ணே. ஃபுல்லா போட்டுருக்கேன்" என்றார் சித்தப்பா, பாராட்டுவார் என்று எதிர்பார்த்து. அப்பா சாவியை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினார். அந்தப் பெட்ரோல் தீரும் வரை காரைக்காலின் தெற்கே வாஞ்சூர் எல்லைக்கும் வடக்கே பூவம் எல்லைக்கும் ஓட்டினார். நீ முன்சீட்டில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டு வந்தாய். அப்போது நீ கல்லூரியில் கடைசி வருஷம், கைதட்டுகிற வயதில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா இறந்த அன்று சித்தப்பா வந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றாய். செத்துப்போனவருக்கு எந்தப் பெட்ரோல் பிடிக்கும் என்பதில்கூட நீ அவ்வளவு உறுதியாக இருந்தாய்.

அப்பா போன பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வயதில் கற்றுக்கொள்கிறாளே என்று நீ பெருமைப்பட்டாய், அது உண்மை. ஆனால் நீ வேலைக்குப் போன பாரீஸிலிருந்து ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டு முதலில் கேட்பது என் உடம்பைப் பற்றி இல்லை. "என்ன போடுறீங்க? தொண்ணூத்தஞ்சுதான?" என்பாய். "ஆமாடா" என்பேன். பொய். முதல் நாளிலிருந்தே சாதாதான் போட்டேன். ப்ரீமியத்துக்கு லிட்டருக்கு லிட்டர் கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாதாவில் கார் எப்போதும்போல் ஓடியது. அரசலாற்றுப் பாலத்தில் எப்போதும்போல் ஏறியது. உன் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நீ லீவில் வந்து ஓட்டிவிட்டு, "பாத்தீங்களா, ஒழுங்கான எசான்ஸ் போட்டா இஞ்சின் எப்புடி இருக்கு" என்று என்னிடமே சொன்னாய். நான் தலையாட்டினேன். நான் வழக்கமாகப் போகிற பங்க்கில் எனக்குப் பெட்ரோல் போடுகிறவள் மலர்க்கொடி. நான் கண்ணாடியை இறக்கக்கூட வேண்டியதில்லை, நம் காரைத் தூரத்தில் பார்த்தாலே நார்மல் பம்ப்பின் பக்கம் வந்து நிற்பாள்.

இது நான். அண்ணா, மலர்க்கொடி அக்காவின் மகள் அபி என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரோடு கொடுத்த கையேட்டை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். படிக்க எதுவும் கிடைக்காத ஒரு நாள், அம்மா ரேஷன் கடையில் நின்றபோது காரில் உட்கார்ந்து படித்தேன். நம் காருக்குத் தொண்ணூற்றொன்று அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலும் அதேதான். அது பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் இல்லை. இஞ்சினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து அழுத்துகிறார்கள். பொறி விழுவதற்கு முன்பே அது தானாகப் பற்றிக்கொண்டால் இஞ்சின் டொக் டொக்கென்று தட்டும். எவ்வளவு அழுத்தினாலும் பற்றாமல் பொறுத்திருக்கும் என்பதற்குத்தான் ஆக்டேன் எண். அதிகமாக அழுத்துகிற இஞ்சினுக்கு அதிக எண் வேண்டும். நம் இஞ்சின் அவ்வளவு அழுத்துவதில்லை. அதற்குத் தொண்ணூற்றைந்து போட்டாலும் கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. இதை எங்கள் இயற்பியல் டீச்சரிடமும் கேட்டுவிட்டேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் என்கிற ஸ்பிரிட்டைக் கலப்பதைப் பற்றியும் சொன்னார், அது தனிப் பாடம்.

அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "மனுசனுக்கும் இதே மாதிரி..." என்று நான் ஒரு வரி சேர்க்கப் போனேன். "ஒண்ணும் சேக்காத. நான் பெட்ரோலப் பத்தித்தான் பேசுறேன்" என்றாள். மறுபடியும் அம்மா.

இப்போது அந்தச் சனிக்கிழமை. நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், உன் தங்கை பின்னால். திருநள்ளாற்றில் உன் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். சனிக்கிழமைக் கூட்டம், கோயிலுக்கு வந்த வெளியூர் வண்டிகளும், விலை குறைவென்று எல்லை தாண்டிப் பெட்ரோல் போட வந்த நாகூர்க்காரர்களின் வண்டிகளுமாக அந்தப் பங்க் நிறைந்திருந்தது. நீ போனில் பேசிக்கொண்டே போய் வரிசையில் நிறுத்தினாய். கண்ணாடியை இறக்கி "ஃபுல்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டாய். மலர்க்கொடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வழக்கம்போல் நார்மலை எடுத்துப் போட்டாள். போட்டு முடித்து மூடியைத் திருகும்போதுதான் நீ பம்ப்பைப் பார்த்தாய்.

"ஏம்மா, கண்ணு தெரியாதா ஒனக்கு? என்னத்தப் போட்ட?"

"நார்மல் சார். இந்த வண்டிக்கு எப்பவும் நார்மல்தான சார்."

"எப்பவுமா? இது யாரு வண்டின்னு தெரியுமா? இத்தன வருசமா தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ ஒரு சொட்டு தொட்டதில்ல இந்த வண்டி. இஞ்சின் போச்சுன்னா ஒன் புருசன் வந்து வாங்கித் தருவானா?"

பின்சீட்டிலிருந்து உன் தங்கை சொன்னாள்: "அண்ணா, புக்லயே தொண்ணூத்தொண்ணு போதும்னு போட்டுருக்கு." நீ திரும்பாமலே சொன்னாய்: "வாய மூடு. நீயா கார் ஓட்டுற?" அப்போதே போனோடு கீழே இறங்கிப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாய். மலர்க்கொடி உன்னைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். குனிந்து, "அம்மா, சொல்லுங்கம்மா. நீங்க சொல்லுங்க" என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். சொன்னால் இரண்டு வருஷப் பொய் உனக்குத் தெரிந்துவிடும். அதுவும் சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பி வருகிற நாளில். நான் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி ஏறிவிட்டது. ஏசி நன்றாக இருந்தது.

பங்க் மேனேஜர் ஓடி வந்தான். முதலில் கெஞ்சினான். நீ விடவில்லை. போட்ட பெட்ரோலை வெளியே எடுத்தாக வேண்டும் என்று நின்றாய். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் எங்கிருந்தோ ஒரு டியூபைக் கொண்டுவந்து மலர்க்கொடியின் கையில் கொடுத்தான். "உறிஞ்சி இழுத்து எடு" என்றான். "வாயாலயா சார்?" என்று கேட்டாள் அவள். "பின்ன, மூக்காலயா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்கு உள்ளேயும் அந்தச் சிரிப்பு கேட்டது. அவள் டியூபை விட்டு உறிஞ்சினாள். இந்தக் காலத்துக் காரில் பெட்ரோல் போகிற வழியில் ஒரு தடுப்பு இருக்கிறதாம், டியூப் டேங்க்குக்குள் போகாது. டேங்க்கின் கழுத்தில் தங்கியிருந்தது மட்டும் அவள் வாய்க்குள் வந்தது. துப்பினாள், இருமினாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீ போனைக் கீழே இறக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இன்னும் ஒருதடவ" என்றாய். அவள் எழுந்து இன்னும் ஒருதடவை உறிஞ்சினாள்.

கடைசியில் ஒன்றும் வெளியே வரவில்லை. மேனேஜர் ஏதோ ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்து டேங்க்கில் ஊற்றி, "இத ஊத்திட்டா நார்மலும் ப்ரீமியம் ஆயிடும் சார்" என்றான். நீ சமாதானமானாய். வீட்டுக்கு வரும் வழியில், "இப்ப பாருங்கம்மா, பிக்கப்பே வேற" என்றாய். மீதி லீவு முழுக்க அந்தப் பெட்ரோலில்தான் ஊரெல்லாம் சுற்றினாய். அன்று சாயங்காலமே முழு வீடியோவையும் நம் குரூப்பில் போட்டுச் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பினாய். உன் அத்தை மகன்களும் சிரித்தார்கள். ஊருக்குப் போட்டது மட்டும் வெட்டியது. அதில் மேனேஜர் குரல் இல்லை, உன் குரல் இல்லை. ஒரு பெண் பங்க்கில் நின்று வாயில் டியூபை வைத்து உறிஞ்சுகிறாள், அவ்வளவுதான். மேலே "காரைக்கால் சர்வீஸ் பாருங்க மக்களே" என்று எழுதியிருந்தாய்.

அதை எண்ணெய் கம்பெனி அதிகாரி பார்த்தார். பங்க்குக்குள் வாயால் பெட்ரோல் எடுப்பது பெரிய குற்றமாம், எந்த நேரமும் யார் உயிருக்கும் ஆபத்தாம். மேனேஜரைக் கேட்டார். "நான் அந்தப் பக்கம் இல்ல சார், அதுவா பயந்துகிட்டு அப்புடிப் பண்ணியிருக்கு" என்று மேனேஜர் சொல்லிவிட்டான். மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீ செய்யச் சொன்னாய், அவன் செய்ய வைத்தான், அவள் செய்தாள். தண்டனை கிடைத்தது செய்தவளுக்கு. நீ அப்போது துணிமணி எடுக்கக் கும்பகோணத்துக்குப் போயிருந்தாய். நான் போனில் சொன்னபோது, "நல்லதுதான். இனிமே வரவங்களாவது கவனமா இருப்பாங்க" என்றாய்.

இங்கே உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன், திருநள்ளாற்றுக்காரர்களும் சேர்ந்து தெரிந்துகொள்ளட்டும். நீ அவர்களிடம் கார் கம்பெனியில் மேலாளர் என்று சொல்லியிருக்கிறாய். நீ வேலை செய்வது வாடகைக் கார் விடுகிற இடத்தின் பின்முற்றத்தில். திரும்பி வருகிற கார்களைக் கழுவுகிறாய், உள்ளே தூசி எடுக்கிறாய், பெட்ரோல் போட்டு வரிசையில் நிறுத்துகிறாய். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டது நீ. அங்கே போன முதல் குளிர்காலத்தில் ஒரு டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டாய். அது நடு ரோட்டில் நின்றுவிட்டது. சாதாவுக்கும் ப்ரீமியத்துக்கும் உள்ள வித்தியாசம் போல் இல்லை அது, டீசல் இஞ்சினுக்குள் பெட்ரோல் போனால் நிஜமாகவே நாசம். நீ கக்கூஸுக்குள் பூட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, என்னய அனுப்பிடுவாங்கம்மா. என்ன பண்ணுறதும்மா" என்று தேம்பினாய். உனக்கு மேலதிகாரியாக இருந்தது ஒரு பெண். அவள் வந்து கதவைத் தட்டி, முதல் வருஷம் தானும் இதையே செய்ததாகச் சொன்னாள். காரை இழுத்துவந்து, பட்டறையில் டேங்க்கைச் சுத்தம் செய்தார்கள். அதற்குமேல் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வாயில் யாரும் டியூபை வைக்கவில்லை. யாரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நீ செய்தது தப்பு. மலர்க்கொடி செய்தது தப்பே இல்லை. அதனால்தான் அவளைப் பார்த்து உனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ என்னவோ. நான் டாக்டர் இல்லை, எனக்குத் தெரியாது.

நீ விமானம் ஏறிய மறுநாள், கண் ஆபரேஷனுக்கு முன்னால், நானும் உன் தங்கையும் கருக்களாச்சேரிக்குப் போனோம். மலர்க்கொடி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"வாங்கம்மா. கார்லயே வந்தீங்களா? இப்ப அதுக்கு என்ன போடுறீங்க?"

"நார்மல்தான் மலரு."

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப நான் போட்டது சரிதான்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"தப்பு நடந்துபோச்சும்மா. மனசுல வச்சிக்காத."

"நடந்துபோவலம்மா. பண்ணுனாங்க. தானா நடக்குறதுக்கு அது என்ன மழையா? நான் ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன். ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. நீங்க கண்ணாடிய ஏத்துனீங்க."

எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா? "பெட்ரோல் நாத்தம் தாங்கல மலரு" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள். "எனக்கும் நாத்தமாத்தான் இருந்துச்சு."

நான் பழப் பையை நீட்டினேன். அபி வந்து வாங்கி, காரின் பின்சீட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அப்புறமும் நான் சும்மா இருக்கவில்லை. வேலை கிடைக்கிற வரைக்கும் நம் வீட்டுக்கு வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போகட்டுமே என்றேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. மலர்க்கொடி எழுந்து நின்றாள். "யூனிஃபாரம் போட்டு, பேரு எழுதுன அட்டைய மாட்டிகிட்டு நின்னவம்மா நானு. ஒங்க வீட்டுக் காரு என் மானத்த வாங்குனுச்சு, ஒங்க வீட்டுத் தரைய நான் தொடைக்கணுமா? மன்னிப்பெல்லாம் வச்சிக்கங்க. எனக்கு அந்த வேல வேணும். நடந்தத அந்த அதிகாரிகிட்டச் சொல்ல ஒங்களால முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இது நான். அம்மா திரும்பி வந்து காரில் ஏறிவிட்டாள். காரில் வரும்போது எதிரே வந்த ஆட்டோவை அம்மாவுக்குத் தெரியவில்லை, நான் கத்தினேன். புரையால்தான் என்று அம்மா சொன்னாள். அழுததால் என்று எனக்குத் தோன்றியது. இரண்டையும் எழுதிவிட்டேன். மறுபடியும் அம்மா.

நேற்று நீ கூப்பிட்டாய். முதல் தடவையாக என் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். பிறகு விஷயத்துக்கு வந்தாய். குரூப்பில் போட்ட முழு வீடியோவை அழித்துவிட்டதாகவும், என் போனிலிருந்தும் அழிக்க வேண்டும் என்றும் சொன்னாய். அது அதிகாரியிடம் போனால் மேனேஜர் மாட்டுவான், உன் பெயரும் வரும், திருநள்ளாற்றில் பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்றாய்.

"நிக்கட்டும்" என்றேன்.

"அந்தப் பொம்பளைக்கு எதாவது குடுத்து முடிச்சி விடுங்கம்மா."

"குடுத்து முடிக்கிறதுக்கு அவ ஒன்ன எதாவது கேட்டாளா? அவ வேலையக் கேக்குறா. அது ஒன்கிட்டதான் இருக்கு. நீயா அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, நாந்தான் எடுக்கச் சொன்னேன், மேனேஜர்தான் வாயால எடுக்க வச்சாருன்னு சொல்லு. சொல்லிட்டா நான் எதையும் அனுப்பல."

"என்னால முடியாதும்மா."

"அப்ப என்னால முடியும்."

நீ உன் அப்பா குரலில் சொன்னாய்: "நீங்க கண்ணாடி ஏத்துனதும் அதுல இருக்கு. தெரியுமா?"

தெரியும் தம்பி. அதனால்தான் வெட்டாமல் அனுப்பப் போகிறேன். நீ வெட்டத் தெரிந்தவன், எனக்கு வெட்டத் தெரியாது. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பதை நீ கட்டப்போகிற பெண் முடிவு செய்யட்டும். ஒரு பெண்ணின் வாய்க்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் ஒருதடவ' என்று சொல்கிறவனை அவள் தாலி கட்டிக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பார்த்த பிறகும் உன்னைக் கட்டிக்கொண்டால், அவளுக்கு நீ ஒரு கார் வாங்கிக் கொடுப்பாய். அன்றைக்குத் தெருவில் யாரையும் கேட்காதே, பாரீஸில் என்ன எண் என்று பார்க்காதே. மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படி. அதில் உள்ள எண்ணைப் போடு. இஞ்சின் ஏற்றத்தில் டொக் டொக்கென்று தட்டினால் மெக்கானிக்கிடம் காட்டு. தட்டவில்லையென்றால் ஓட்டு. இவ்வளவுதான் இந்த விஷயம். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. இந்த எண்ணுக்காக உன் அப்பா ஒரு தம்பியைத் தொலைத்தார். நான் ஒரு மகனைத் தொலைப்பதாக இருந்தால், அது இந்த எண்ணுக்காக இல்லை, உன் குணத்துக்காக என்று இருக்கட்டும்.

அந்த அதிகாரியின் எண்ணை மலர்க்கொடியிடம் கேட்டு உன் தங்கை வாங்கி வைத்திருக்கிறாள். இனி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மீதியை அவள் எழுதுவாள்.

இது நான். அம்மா போனை என்னிடம் கொடுத்து, அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை போடச் சொன்னாள். அம்மாவுக்குப் படம் தெரியாது, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் குரல், மலர்க்கொடி அக்கா "அம்மா, சொல்லுங்கம்மா" என்பது, கண்ணாடி ஏறுகிற சின்னச் சத்தம், மேனேஜர் "பின்ன, மூக்காலயா?" என்பது, எல்லோரும் சிரிப்பது. அந்த இடத்தில் அம்மா கையைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன்.

"நான் தெரியிறேனா அதுல?"

"தெரியிறம்மா. கண்ணாடி வழியா."

"எப்புடி இருக்கேன்?"

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"சிரிக்கிறம்மா" என்றேன். "எல்லாரும் சிரிக்கிறப்ப நீயும் சிரிக்கிற."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொட்டுமருந்து விடுகிற நேரம் தாண்டிவிட்டது. நான் நினைவுபடுத்தினேன். "வெட்டாம அனுப்பு" என்றாள். அனுப்பினேன். அந்த அதிகாரி பார்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை அம்மாவை நேரில் வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறார். வருகிறோம் என்று நானே பதில் போட்டேன். அண்ணா, அதற்குள் நீ பல தடவை கூப்பிட்டுவிட்டாய். எடுக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். மருந்து விட்டுப் படுக்க வைத்தேன். கூடத்து விளக்கையும் வாசல் விளக்கையும் அணைத்துவிட்டேன்.